பனிக்காலத்தில் பின்சீட்டு

டிசம்பர் 3, புதன்

எழுதச் சொல்லிட்டாள். பிசியோதெரபி பெண் நிவேதிதா. வயசு இருபத்தாறு இருக்கும். என் காலைப் பிடிச்சு முறுக்கும்போது மட்டும் ரிட்டயர் ஆகப்போற தலைமையாசிரியை மாதிரி இருப்பாள். "அங்கிள், இனிமே வண்டி எடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார்ல? தினமும் எவ்வளவு தூரம் போனீங்க, எவ்வளவு வலி, எவ்வளவு பயம்னு ஒரு நோட்டுல எழுதுங்க. வலிக்கும் பயத்துக்கும் பத்துக்கு மார்க் போடுங்க" என்கிறாள்.

வலிக்கு மார்க் போடலாம். பயத்துக்கு எதுக்கு? மாசிலாமணின்னு பேர் சொன்னா கீழ்க்கொரையில எல்லாருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருஷமா பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டிகளுக்கு வால்வு திறந்து விடற ஆள். விடியக்காலைப் பனியில இந்த ஊர் ரோட்டுல முதல் டயர் தடம் என்னுதுதான். அப்படிப்பட்டவனுக்குப் பயமாம்.

போன ஜனவரியில பைக்கோட விழுந்ததுக்கு அப்புறம் வண்டியைத் தொடலை, அது உண்மை. வலது கால் ரெண்டு துண்டு. உள்ளே கம்பி வச்சிருக்காங்க. இப்போ பஞ்சாயத்து ஆபீசில் உட்கார வச்சு ரசீது எழுதச் சொல்றாங்க. பின்னால உட்கார்ந்திருந்த என் சம்சாரம் கோமளத்துக்குத் தோள்பட்டை எலும்பு போச்சு. அவள் ரெண்டே மாசத்துல எழுந்து வேலைக்குப் போயிட்டாள்.

எப்படி விழுந்தீங்கன்னு கேட்காத ஆள் இல்லை. ஒண்ணுமில்லை, வளைவுல கோமளம் கொஞ்சம் அசைஞ்சுட்டாள். ஆஸ்பத்திரியில அவள் அண்ணன் சௌந்தரம் மச்சான் கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன். பின்னால் இருக்கறவங்க அசைஞ்சா வண்டி சாயத்தான் செய்யும். அதுக்காக ஒரு நாள் ஒரு வார்த்தை அவளை நான் திட்டினதில்லை.

வண்டி எடுக்கணும்னு நான் நினைக்கறதே அவளுக்காகத்தான். ஊட்டியில ஒரு மாணவியர் விடுதியில சமையல் வேலை அவளுக்கு. ஏழு மணிக்கு அடுப்படியில நிக்கணும். முன்னெல்லாம் ஆறேகாலுக்கு என் பின்னால் ஏறினா பதினொரு கிலோமீட்டர், நேரத்துக்குப் போயிடலாம். இப்போ அஞ்சு ஐம்பது பஸ். அதை விட்டா எட்டுக்குத்தான். அஞ்சரைக்கே போய் நிக்கிறாள், புல்லெல்லாம் வெள்ளை வெளேர்னு உறைஞ்சு கிடக்கற நேரத்துல. இந்தப் பனிக்காலம் முடியறதுக்குள்ள அவளை மறுபடி என் பின்னால் உட்கார வைக்கணும்.

தூரம்: இல்லை. வலி: 2. பயம்: 0.

டிசம்பர் 4, வியாழன்

வண்டியின் மேல் கிடந்த தார்ப்பாயை எடுத்தேன். சீட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு. பஞ்சு பாதி இல்லை.

யூசுப் பாய் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பேட்டரியோடு வந்தார். பிளக் மாத்தி, கார்புரேட்டரைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டார். எனக்கும் அவருக்கும் ஒரே வயசு, ஆனாலும் "மணிண்ணே"ன்னுதான் கூப்பிடுவார். ஏழாவது உதையில வண்டிக்கு உயிர் வந்துச்சு. சத்தம் கேட்டதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். வெட்கமா இருந்ததால புகைன்னு சொல்லி இருமினேன்.

கிளம்பும்போது கேட்டார்: "இன்னும் சாவியை அணைச்சுட்டுத்தான் இறக்கத்துல போவீங்களா மணிண்ணே?"

"டயர்ல காத்து பாருங்க பாய்" என்றேன். அவர் பார்த்தார்.

டிசம்பர் 6, சனி

வாசல்ல ஸ்டார்ட் பண்ணி ஏறி உட்கார்ந்தேன். காலைத் தரையிலிருந்து எடுக்கணும். எடுக்க வரலை. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துட்டு, வண்டி சூடாகுதான்னு பார்க்கற மாதிரி தலையை ஆட்டிட்டு இறங்கிட்டேன்.

பயம்: 0. சரி, 3.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை. அதனால போகலை.

மழை இல்லை, தூறல்தான்.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்னிக்கு மத்தியானம் அரை நாள் லீவு போட்டுட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்குத் தள்ளிக்கிட்டே போனேன். நல்ல வெயில். ஆள் இல்லை. முதல் கியர், ரெண்டாவது கியர், அவ்வளவுதான். எட்டு சுத்து சுத்தினேன். வலது பாதத்துக்குப் பிரேக் மிதி எங்க இருக்குன்னே தெரியலை. கம்பி வச்ச காலுக்கு ரெண்டு சாக்ஸ் வேற. மரக்கட்டையால மிதிக்கற மாதிரி இருக்கு. ஒன்பதாவது சுத்துல சாக்ஸைக் கழற்றிட்டு வெறும் ஷூவோட ஓட்டினேன். அப்போ கொஞ்சம் பிடிபட்டுச்சு. வர்றப்போ வீடு வரைக்கும் ஓட்டிக்கிட்டே வந்தேன். சுத்தினதையும் சேர்த்தா நாலு கிலோமீட்டராவது இருக்கும்.

சாயங்காலம் வந்த கோமளம் டயர்ல மண்ணைப் பார்த்தாள்.

"விழலையே?"

"விழுவேனா? நாளைக்கு வேணா நீயும் ஏறிப் பாரேன். மைதானம் வரைக்கும்."

"நான் எதுக்குங்க. எனக்குப் பஸ்ஸே சவுகரியமா இருக்கு."

சவுகரியமாம். காலையில கை விறைச்சுப் போய் வந்து அடுப்புல காட்டிக் காட்டித்தான் காய்கறி நறுக்கறாளாம், அவளே சொன்னது. பயந்து கிடக்கிறாள். பயப்படறவங்களை வற்புறுத்தக் கூடாது. நான் நல்லா ஓட்டறதைக் காட்டினா தன்னால ஏறுவாள்.

வலி: 4. பயம்: 4.

டிசம்பர் 13, சனி

காலை எட்டரைக்கு மேல்தொட்டி வரைக்கும் போனேன். கிளம்பறதுக்கு முன்னால சீட்டிலிருந்த பனியைச் சுரண்டி எடுக்கவே கால் மணி. ஸ்வெட்டருக்குள்ள நெஞ்சுல பழைய பேப்பர் நாலு மடிப்பு. கம்பளிக் கையுறைக்கு மேல ரப்பர் கையுறை. பார்க்கிறவன் சிரிப்பான், ஆனா காத்து உள்ளே வராது.

வெயில் படற இடமெல்லாம் ரோடு காய்ஞ்சு கிடந்துச்சு. ஊர்ல கற்பூர மரம்னு சொல்ற யூகலிப்டஸ் தோப்புக்குள்ள நிழல். அங்கே பனி அப்படியே இருக்கு, பத்து மணி வரைக்கும் கரையாது. அது தெரியும் எனக்கு. தெரிஞ்சும் முன்சக்கரம் ஒரு சாண் வழுக்குச்சு. விழலை. நிமிர்த்திட்டேன். ஆனா அதுக்கப்புறம் ஓட்டத் துணிவு வரலை. வண்டியை ஓரம் கட்டி, ஒரு கல்லில் உட்கார்ந்து, வெயில் வர்ற வரைக்கும் காத்திருந்து வந்தேன்.

வழியில யூசுப் பாய் ஒர்க்‌ஷாப்பில் டீ. வழுக்கினதைச் சொல்லலை, நான் டீ சிந்தினதைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டார். "நிழலுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுருங்க. உள்ளே போனப்புறம் எதையும் தொடாதீங்க, பிரேக்கை நினைக்கவே நினைக்காதீங்க" என்றார். நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதை எனக்கே சொல்றார். கோபம் வந்துச்சு. ஆனா சரியாத்தான் சொல்றார்.

தூரம்: ஆறு. வலி: 3. பயம்: 7. போதுமா நிவேதிதா?

டிசம்பர் 16, செவ்வாய்

இன்னிக்குத்தான் முதல் தடவையா ஊட்டி ரோட்டு இறக்கம். தோப்புல ஆரம்பிச்சுப் பாலம் வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர்.

உச்சிக்கு வந்ததும் இடது கால் தன்னால நியூட்ரலுக்குப் போச்சு, வலது கை தன்னால சாவிக்குப் போச்சு. யாரும் சொல்லலை. இருபத்தெட்டு வருஷப் பழக்கம், உடம்பே செய்யுது. இந்த மலையில எல்லாரும் அப்படித்தான். இறக்கத்துல இன்ஜினை ஓடவிட்டுப் போறவனைப் பார்த்தா, 'பெட்ரோல் பங்க் வச்சிருக்கான்போல'ன்னு கேலி பண்ணுவோம். சாவியை அணைச்சு நியூட்ரல்ல போட்டுட்டா சத்தமே இல்லாம பாலம் வரைக்கும் உருண்டு போயிடலாம், சொட்டுப் பெட்ரோல் செலவில்லை.

கை சாவி மேல இருந்துச்சு. எடுத்துட்டேன். வண்டியை நிறுத்தி, ரெண்டாவது கியர் போட்டு இறங்கினேன். இன்ஜின் உறுமிக்கிட்டே வண்டியைப் பின்னால இழுத்துப் பிடிக்குது. பிரேக்கை ரெண்டே தடவைதான் தொட்டேன், அதுவும் லேசா. அந்த வளைவு வந்துச்சு. கேரட் கழுவற இடத்திலிருந்து லாரிகள் தண்ணி சொட்டச் சொட்டப் போற வளைவு. இன்னிக்கும் ஈரம். வண்டி ஒழுங்கா, மெதுவா, தானா இறங்கிடுச்சு.

இவ்வளவுதானா விஷயம். அப்போ அன்னிக்கும் இப்படி...

இதை நிவேதிதா படிக்கக் கூடாது. நாளைக்கு வேற நோட்டு வாங்கணும்.

டிசம்பர் 18, வியாழன்

நிவேதிதாகிட்ட நோட்டைக் காட்டினேன். மார்க்கை மட்டும் பார்த்தாள், நல்லவேளை. கால் நல்லா மடங்குதாம். அப்புறம் காலைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாள்:

"அங்கிள், போன மாசம் ஆன்ட்டி தோள் வலிக்கு வந்திருந்தாங்க. நீங்க வண்டி எடுக்கப் போறீங்க, இனி பஸ்ஸுக்கு அலைய வேண்டாம்ல ஆன்ட்டின்னு கேட்டேன். அழுதுட்டாங்க."

"பயம்மா அவளுக்கு. மறுபடி விழுந்துருவோம்னு."

"இல்ல அங்கிள். அவங்களுக்கு அவங்களைப் பத்திப் பயமே இல்ல. 'நான் அசைஞ்சதாலதான் அவர் கால் போச்சு. மறுபடியும் ஏறி, மறுபடியும் என்னை அறியாம அசைஞ்சுட்டா? அந்தக் கால் தாங்குமா? நான் ஏற மாட்டேன்'னு சொன்னாங்க. எப்ப அசைஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறாங்களாம். ஞாபகமே வரலையாம்."

நான் மேலே எரியற டியூப் லைட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

"நீங்க சொல்லுங்க அங்கிள். ஒருத்தர் லேசா அசைஞ்சா வண்டி விழாதுன்னு. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

எழுதறதுக்கு ஒண்ணுமில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கோமளம் சர்ச் பக்கத்துச் சந்தைக்குப் போயிருக்கிறாள். இப்போவே எழுதிடணும், இல்லைன்னா எழுத மாட்டேன்.

அன்னிக்கு அவள் அசையலை. அசைஞ்சதா எனக்கு ஞாபகமும் இல்லை. தோப்பு உச்சியில வழக்கம்போல சாவியை அணைச்சேன், நியூட்ரல் போட்டேன், உருட்டிவிட்டேன். வண்டி வேகம் எடுத்துச்சு. வளைவுல லாரித் தண்ணி கண்ணாடி மாதிரி உறைஞ்சு கிடந்துச்சு. பார்த்ததும் மிதிச்சேன். சக்கரம் நின்னுச்சு, வண்டி நிக்கலை. கியர்ல இருந்திருந்தா அந்த வேகமே வந்திருக்காது. யூசுப் பாய்தான் வந்து வண்டியைத் தூக்கினார். சாவி அணைஞ்சு கிடந்ததைப் பார்த்திருப்பார். ஒரு வருஷமா யார்கிட்டயும் அவர் சொல்லலை.

ஆஸ்பத்திரியில சௌந்தரம் மச்சான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஓடிவந்து நின்னார். என் கல்யாணத்து அன்னிக்கே, "மாப்ளே, என் தங்கச்சியை வச்சுக்கிட்டு நியூட்ரல்ல உருட்டாதீங்க"ன்னு சொன்ன மனுஷன். "எப்படி மாப்ளே ஆச்சு?"ன்னு கேட்டார். பக்கத்துக் கட்டில்ல கோமளம் மயக்கத்துல இருந்தாள். "வளைவுல இவ அசைஞ்சுட்டா மச்சான்"னு வாயில வந்துடுச்சு. வந்ததைத் திருப்பி எடுக்கலை. அவள் கண் முழிச்சதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, ஆடாம உக்காரத் தெரியாதா உனக்கு?"

அப்புறம் நானே அதை நம்ப ஆரம்பிச்சுட்டேன். அப்படித்தான் எழுதியிருக்கேன் பாருங்க முதல் பக்கத்துல. திட்டினதில்லையாம். பெரிய மனசு.

டிசம்பர் 23, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டுல சொல்லிடலாம்னு உட்கார்ந்தேன். "கோமளம்" என்றேன். "என்னங்க" என்றாள். "ரசம் நல்லாருக்கு" என்றேன்.

டிசம்பர் 26, வெள்ளி

விடுதிக்கு லீவு. பகல் பூரா வீட்டிலேயே இருக்கிறாள். சொல்ல எவ்வளவோ நேரம் இருந்துச்சு. பரண் சுத்தம் பண்ணினேன். சாக்கடை அடைப்பு எடுத்தேன். தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். "இன்னிக்கு என்ன உங்களுக்கு இவ்வளவு சுறுசுறுப்பு?" என்றாள்.

வண்டி மட்டும் தினமும் ஓட்டறேன். ஊட்டி வரைக்கும் போய் வந்தாச்சு. வலி 1. ரோட்டு மேல பயம் 2. வீட்டுக்குள்ளதான் 10.

ஜனவரி 5, திங்கள்

விடுதி திறந்துட்டாங்க. அஞ்சரைக்கு அவள் கிளம்பின சத்தம் கேட்டுப் படுத்திருந்தேன். சட்டுனு எழுந்துட்டேன். பல் விளக்கலை. ஸ்வெட்டரைப் போட்டு, வண்டியை உதைச்சு, பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அப்பவும் சொல்லணும்னு போகலை. ஏத்திக்கிட்டுப் போயிடலாம், ஒரு தடவை ஏறிட்டா எல்லாம் சரியாயிடும்னுதான் போனேன்.

அஞ்சாறு பெண்கள் நின்னாங்க. எல்லாரும் ஊட்டியில ஹோட்டல், லாட்ஜ் வேலைக்குப் போறவங்க. சால்வைக்குள்ள கண்ணு மட்டும் தெரியுது. வாயைத் திறந்தா புகை.

"ஏறு கோமளம், கொண்டுபோய் விடறேன்."

"வேண்டாங்க. பஸ் வந்துரும்."

லாண்டரியில வேலை பார்க்கற பிலோமினா சிரிச்சாள். "அண்ணே, அக்காவை ஏத்தறதா இருந்தா கயித்துல கட்டி ஏத்துங்க. இல்லைன்னா மறுபடியும் வளைவுல டான்ஸ் ஆடிரும்." இன்னொருத்தி, "அக்கா பஸ்லயே ஆடாம உக்காராது" என்றாள். எல்லாரும் சிரிச்சாங்க. கெட்ட மனசுல சொல்லலை, தினமும் சொல்ற கேலி போல.

கோமளமும் சிரிச்சாள். தலையைக் குனிஞ்சு, ஆமா நான் அப்படித்தான்னு ஒத்துக்கற மாதிரி ஒரு சிரிப்பு. ஒரு வருஷமா தினமும் காலையில இந்தக் குளிர்ல நின்னு இப்படித்தான் சிரிச்சிருக்கிறாள்.

இன்ஜினை அணைச்சேன்.

"அவ அசையலை" என்றேன். "நான்தான் சாவியை அணைச்சுட்டு நியூட்ரல்ல உருட்டினேன். லாரித் தண்ணி உறைஞ்சு கிடந்துச்சு, பிரேக்கை மிதிச்சேன், வண்டி போயிருச்சு. தப்பு என்னுது. நான் பொய் சொன்னேன். கோமளம் அசையவே இல்லை."

பிலோமினா தன் ஷூவையே பார்த்துக்கிட்டிருந்தாள். கோமளம் என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. அப்புறம் பஸ் லைட் தெரிஞ்சுச்சு. ஏறிட்டாள்.

அதே நாள், சாயங்காலம்

நாலரைக்கு வந்தாள். முகம் கழுவினாள். எதிர்ல வந்து உட்கார்ந்தாள்.

"ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல மண் சோறு சாப்பிட்டேனே, தரையில சோத்தைப் போட்டு, கையைப் பின்னால கட்டிக்கிட்டு. எதுக்குன்னு நினைச்சீங்க?"

"என் கால் சரியாகணும்னு வேண்டிக்கிட்டே."

"உங்க காலை உடைச்ச பாவம் தீரணும்னு வேண்டிக்கிட்டேன்."

நான் நீட்டியிருந்த காலை மடக்கிக்கிட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வாயில வந்துருச்சு கோமளம்."

"அன்னிக்கு வந்துச்சு, சரி. வலியில இருந்தீங்க. அதுக்கப்புறம் முந்நூறு நாள் இருந்துச்சே."

மன்னிச்சுருன்னு சொன்னேன். அவள் எழுந்து போய் அரிசி களைஞ்சாள். ரொம்ப நேரம் களைஞ்சாள். அப்புறம் சமையல்கட்டுல அழற சத்தம் கேட்டுச்சு. போகலாமா வேண்டாமான்னு தெரியலை. போகலை. ஆனா ஒண்ணு சொல்றேன், நெஞ்சுல கிடந்த பாரம் இறங்கிடுச்சு. அவள் எவ்வளவு நாள் திட்டினாலும் சரி.

ஜனவரி 6, செவ்வாய்

பஸ்ஸில் போனாள். திட்டவும் இல்லை. பேசவே இல்லை.

ஜனவரி 8, வியாழன்

நேத்தும் இன்னிக்கும் பஸ் பின்னாலேயே வண்டியில போனேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. அவள் குளிர்ல போறப்போ நான் போர்வைக்குள்ள கிடக்க முடியலை.

இன்னிக்குப் பனி ரொம்ப. பஸ் கூரையில ஒரு விரல் கனத்துக்கு இருக்கு. பஸ்ஸோட சிவப்பு லைட்டைப் பார்த்துக்கிட்டே, முப்பது அடி தள்ளி, ரெண்டாவது கியர்லயே போனேன். வளைவுல ஒரு லாரி எதிர்ல வந்துச்சு. ஒதுங்கிக் கொடுத்து நிதானமா இறங்கினேன். பாலம் தாண்டினப்புறம்தான் கவனிச்சேன், பயம்னு ஒண்ணை நினைக்கவே இல்லை. அவள் எந்த சீட்டுல இருக்கிறாள்னுதான் பார்த்துக்கிட்டு வந்திருக்கேன். கடைசி சீட்டு. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஜனவரி 9, வெள்ளி

ராத்திரி தோசை ஊத்திக்கிட்டே, முதுகைக் காட்டிக்கிட்டே கேட்டாள்: "எதுக்கு நாய் மாதிரி பஸ் பின்னாலயே வர்றீங்க? பொகையெல்லாம் உங்க மூஞ்சியிலதான் அடிக்குது. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"யாரைப் பார்த்து?"

"உங்களைத்தான்."

"சிரிக்கட்டும். ஒரு வருஷம் உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க."

தட்டுல ரெண்டு தோசை கூடுதலா விழுந்துச்சு. நாலு நாளுக்கு அப்புறம் அவள் பேசின முதல் பேச்சு. திட்டுதான். கேட்க அவ்வளவு நல்லா இருந்துச்சு.

ஜனவரி 10, சனி

ஊட்டியிலிருந்து பெரிய பை ஒண்ணு கொண்டுவந்தாள். என்னதுன்னு கேட்டேன். "தலைக்கு" என்றாள்.

ஜனவரி 12, திங்கள்

இன்னிக்கு அசந்து தூங்கிட்டேன். ஆறு மணிக்கு அவசரமா கதவைத் திறந்தா, வண்டி பக்கத்துல நிக்கிறாள். தலையில புது ஹெல்மெட், சிவப்பு கலர். பஸ் போயிடுச்சு. அவள் போகலை. நான் ஒண்ணும் கேட்கலை. கேட்டா மனசு மாறிடுமோன்னு பயம்.

சீட்டுப் பனியைத் துடைச்சேன். ஏறினாள். முதல் ரெண்டு கிலோமீட்டர் மரக்கட்டை மாதிரி இருந்தாள். மூச்சு விடறாளான்னே சந்தேகம். என் தோள்லயும் கை வைக்கலை, பின்கம்பியைப் பிடிச்சிருக்கிறாள். அசைஞ்சுடக் கூடாதுன்னு அப்படி ஒரு வைராக்கியம். தோப்பு தாண்டி, கியர்லயே இறங்கி, வளைவு தாண்டி, பாலம் தாண்டினோம். அப்புறம் சமதளம். ரோடு நேரா, காய்ஞ்சு கிடக்கு.

"கோமளம், சாதாரணமா உக்காரு. அசைஞ்சா ஒண்ணும் ஆகாது."

கொஞ்ச தூரம் போச்சு.

"நிறுத்தாதீங்க. மெதுவா போய்க்கிட்டே இருங்க" என்றாள்.

இடது பக்கம் நகர்ந்தாள். சும்மா லேசா இல்லை, வேணும்னே. வண்டி கொஞ்சம் இழுத்துச்சு, நான் கையால சரி பண்ணினேன். வலது பக்கம் நகர்ந்தாள். சரி பண்ணினேன். அப்புறம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள், பஸ்ஸுல குழி வந்தா ஆகுமே அப்படி, ரெண்டு தடவை, மூணு தடவை.

"விழலையேங்க."

"விழாது."

"இவ்வளவு ஆடியும் விழலை."

"விழாது கோமளம். அன்னிக்கும் உன்னால விழலை."

அப்புறம் அந்த ஹெல்மெட் வந்து என் முதுகுல சாய்ஞ்சுச்சு. அழறாள்னு தெரிஞ்சுது. எனக்கும் கண்ணு மறைச்சுச்சு. ரோடு தெரியணுமேன்னு என் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, காத்துல காயவிட்டுக்கிட்டே ஓட்டினேன். ஊட்டி வர்ற வரைக்கும் அவள் கை என் தோள் மேலதான் இருந்துச்சு.

விடுதி வாசல்ல ஆறு அம்பது. இறங்கினாள். உள்ளே போகாம போனை எடுத்து ஏதோ அழுத்தி என்கிட்டே நீட்டினாள். ரிங் போய்க்கிட்டிருந்துச்சு.

"யாருக்கு?"

"அண்ணனுக்கு. பஸ் ஸ்டாப்புல சொன்னீங்க, சரி. முதல்ல யார்கிட்ட சொன்னீங்களோ அவர்கிட்டயும் சொல்லணும்ல."

"சாயங்காலம் சொல்றேனே."

அவள் நகரலை. அதுக்குள்ள சௌந்தரம் மச்சான் எடுத்துட்டார். "சொல்லுமா, என்ன இவ்வளவு காலையில?"

"மச்சான், நான் மணி பேசறேன்" என்றேன். அப்புறம் ஆரம்பிச்சேன். நியூட்ரல்ல உருட்டினது, பிரேக்கை மிதிச்சது, அவள் அசையாதது, நான் பொய் சொன்னது, எல்லாம். ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும். கோமளம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே முன்னால நின்னு கேட்டுக்கிட்டிருந்தாள்.

மச்சான் பெருமூச்சு விட்டார். "அந்தப் புள்ளையை நான் என்னவெல்லாம் கேட்டுட்டேன் மாப்ளே" என்றார். "அவகிட்ட குடுங்க."

கொடுத்தேன். அவர் என்ன சொன்னார்னு எனக்குக் கேட்கலை. அவள் பேசினது மட்டும் கேட்டுச்சு.

"சரிண்ணே. விடுங்கண்ணே, நீங்க என்ன பண்ணுவீங்க... இல்லண்ணே, விடுதி வாசல்லதான் நிக்கறேன்... பஸ் இல்ல, அவர்கூட வண்டியிலதான் வந்தேன்... ஆமாண்ணே. சாயங்காலமும் அவர்தான் வந்து கூட்டிட்டுப் போவார்."